ஒரு பெட்டி மாதுளை

குவா
1978 ஜூலை 2

கமோலாவின் அப்பாவுக்கு,

சலோமத் எழுதிக்கொள்வது. எங்கள் எல்லோருடைய சலாமும் உங்களுக்குச் சேரட்டும். மாமா சுகம், பற்கள் குறைந்திருக்கின்றன, கருத்துகள் குறையவில்லை. கமோலா சுகம். பசு சுகம். போன கடிதத்தில் என் சுகத்தையும் விசாரித்திருந்தீர்கள். கடைசி வரியில் என்றாலும் விசாரித்தது விசாரித்ததுதான். நானும் சுகம்.

சைபீரியாவில் நீங்கள் ஜூன் மாதத்திலும் கம்பளி போர்த்திக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு சுல்ஃபியாவிடம் சொன்னேன். நம்ப மறுத்துவிட்டாள். இங்கே வாசல் இரும்புக் கதவைத் துணி சுற்றித்தான் தொடுகிறோம்.

தோட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் ரயிலேறும் முன் நீங்கள் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "இலை உதிர்றதுக்குள்ள ஒரு பெட்டி பழம் காட்டு. காட்டினா செடி உன்னுது. இல்லேன்னா அந்த எடத்துல கார் ஷெட் கட்டிருவேன்" என்றீர்கள். மாமா சாட்சி. எனக்கு எதிரான சாட்சி, ஆனாலும் சாட்சி.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் எல்லாம் எனக்கு முன்பே வந்திருந்தன. அண்டா, மெத்தைகள், பசுவின் கோபம், எல்லாம். நான் கொண்டுவந்து வைத்தது என்று இருப்பது இந்த நான்கு வரிசை மாதுளை மட்டும்தான். இத்தனை வருடமாக அவற்றை "உன் விறகு" என்று சொல்லிவந்தீர்கள். இந்த வருடம் விறகு பிஞ்சு பிடித்திருக்கிறது.

மாமா தினமும் காலையில் முளைக்குச்சி அடித்துக் கயிறு பிடித்து ஷெட்டுக்கு அளவு எடுக்கிறார். கார் எவ்வளவு நீளம் என்று தெருவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பசுவை நிறுத்தி வைத்துக் கணக்கிடுகிறார். இரண்டு பசு நீளம், தலையைத் தூக்காமல் நின்றால், என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலோமத்


சைபீரியா, ரயில்பாதை முகாம்
1978 ஜூலை 20

கமோலாவின் அம்மாவுக்கு,

துர்சுனாலியின் சலாம். அப்பாவுக்குத் தனியாகச் சலாம். கமோலா ஒழுங்காகப் படிக்கட்டும். நான் நலம். இங்கே கொசுக்கள் பூட்ஸ் தோலைத் துளைக்கின்றன. என் மண்வெட்டும் இயந்திரம் இரண்டு முறை பழுதாகி இரண்டு முறையும் என்னிடமே தோற்றது.

காருக்கான வரிசையில் என் பெயர் மேலே ஏறிவிட்டது. வசந்தத்தில் கிடைக்கும் என்கிறார்கள். ஆகவே ஷெட் விஷயம் விளையாட்டல்ல.

செடிகளைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். என் அறையில் வாக்தாங் என்று ஒரு ஜார்ஜியாக்காரன் இருக்கிறான். அவன் ஊரில் மாதுளை வேலியோரம் தானாகவே வளருமாம். குவாவில் நாம் செல்லம் கொடுத்துச் செடியைக் கெடுக்கிறோம் என்கிறான். குளிர்காலத்தில் அதை வளைத்து மண் போட்டு மூடுவோம் என்று சொன்னபோது கட்டிலில் விழுந்து சிரித்தான். "செத்தவங்களத்தான் புதைப்பாங்க. நீங்க உசுரோடவே புதைப்பீங்களா?" என்று கேட்டான். வெயிலுக்கு நீ ஒன்றும் செய்யாதே. பழகட்டும்.

முகாம் செய்தித்தாளில் என் படம் வந்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் கை வைத்து நிற்கிறேன். இத்துடன் அனுப்புகிறேன். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வை.

நீ நலமா?

துர்சுனாலி


குவா
1978 ஆகஸ்ட் 6

கமோலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் படமும் சுகமாக வந்து சேர்ந்தன. நாங்களும் அதே போல. மாமா வெயிலுக்குப் பயந்து திராட்சைப் பந்தலுக்கடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். நிழல் நகர நகரக் கட்டிலும் நகர்கிறது. மணி பார்க்க இப்போது கட்டில் இருக்கும் இடத்தைப் பார்த்தால் போதும்.

கோடையின் உச்சம் தாண்டிவிட்டது என்று நாள்காட்டி சொல்கிறது. வெயில் நாள்காட்டியைப் படிப்பதில்லை. மேற்குப் பக்கம் பார்த்த காய்களில் தோல் கருகத் தொடங்கியது. பழகட்டும் என்று நீங்கள் எழுதியதைக் காய்களிடம் சொன்னேன். பழகுவதாகத் தெரியவில்லை. ஆகவே என் நூலகத்திலிருந்து பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு காய்க்கும் ஒரு குல்லாய் மடித்துப் போட்டேன். உங்கள் ரயில்பாதையின் சாதனைகள் இவ்வளவு நல்ல நிழல் தரும் என்று அவற்றை எழுதியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். உங்கள் படத்துக்கும் மதிப்பான இடம் கொடுத்திருக்கிறேன். முதல் வரிசையில், தெருவைப் பார்த்த பக்கம், எல்லாவற்றிலும் பெரிய காயின் மேல். போகிறவர் வருகிறவர் எல்லோரும் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

தண்ணீர்தான் கஷ்டம். முறை வைத்து மடை திறக்கிற நீராணி சோபிரை உங்களுக்குத் தெரியும். அவரிடம் போய் நின்றேன்.

"பருத்தி குடிச்சு மிச்சம் இருந்தா உனக்கு விடறேன் தங்கச்சி" என்றார்.

"பருத்திக்கு எப்பண்ணே தாகம் தீரும்?"

"எவ்வளவு குடிக்கணும்னு திட்டத்துல எழுதியிருக்கு. எப்பத் தீரும்னு எழுதல."

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நமக்கு உள்ள ஒரு நீண்ட முறையைத் துண்டு துண்டாக்கி, சுல்ஃபியாவின் முறையோடு மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடச் சொன்னேன். பாத்தியில் வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காக்கிறேன். இந்தப் பருவத்தில் மாதுளை கேட்பது நிறையத் தண்ணீர் அல்ல, தவறாத தண்ணீர். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிச்சைத் தண்ணியில குடும்பம் நடத்துற" என்கிறார்.

கொசுவுக்குக் கற்பூர எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

சலோமத்


சைபீரியா, ரயில்பாதை முகாம்
1978 ஆகஸ்ட் 21

கமோலாவின் அம்மாவுக்கு,

எல்லோருக்கும் சலாம். நலம். எண்ணெய் வந்தது. கொசுக்கள் முதல் நாள் விலகி நின்றன, பிறகு விரும்பத் தொடங்கிவிட்டன.

நீ தண்ணீர் விடுகிற முறை முழுக்கத் தவறு. வாக்தாங்கிடம் விவரம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டான். சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் வேர் சோம்பேறியாகிவிடுமாம். இந்த மாதம் முழுக்க நிறுத்திவிடு. செடி நன்றாக வாடட்டும். பிறகு ஒரே நாளில் முழு முறையையும் திறந்து விட்டு மூழ்கடி. அப்போதுதான் காய் பருக்கும், இனிக்கும். உழைக்கிற மனிதனும் அப்படித்தானே, நாள் முழுக்கக் காய்ந்துவிட்டு ஒரே மூச்சில் ஒரு குடம் குடிக்கிறான்.

நீ என் கடிதங்களைப் படிக்கிறாய் என்பது தெரியும். படித்த பிறகு என்ன செய்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. ஆகவே இதையே அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், ஆசிரியர் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லி.

கமோலாவுக்கு முத்தம்.

துர்சுனாலி


குவா
1978 செப்டம்பர் 9

கமோலாவின் அப்பாவுக்கு,

சலாம். எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். மாமாவுக்கு உடம்பு சுகம்.

மாவட்டத் தலைநகரில் நூலகர்கள் கூட்டம் என்று அழைத்தார்கள். கிராம மக்கள் ஏன் அதிகம் படிப்பதில்லை என்று ஒருநாள் முழுக்கப் பேசினோம். பருத்தி பறிப்பதால் என்று யாரும் சொல்லாததால் கூட்டம் நீண்டுவிட்டது. நான் இல்லாத அந்த நாளில் உங்கள் யோசனை நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே மூன்றாவது வரிசைக்குத் தண்ணீர் போகாமல் மண் அணைத்து வைக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று அதற்கு முழு முறையும் கிடைத்தது. நான் சாயங்காலமே திரும்பிவிட்டதால் மற்ற வரிசைகளுக்கு உங்கள் யோசனையின் பலன் கிடைக்காமல் போனது.

நான்கைந்து நாளில் மூன்றாவது வரிசைக் காய்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. நீங்கள் கேட்ட இனிப்பு வருவதற்கு முன்பே வெடித்துவிட்டதால் முத்துகள் வெளுப்பாக இருந்தன. குளவிகளுக்கு இனிப்பில் அவ்வளவு பிடிவாதம் இல்லை போலிருக்கிறது. ஒன்றும் மிஞ்சவில்லை.

மாமா இரண்டு நாள் சாப்பாட்டில் உப்புக் குறை கூடச் சொல்லவில்லை. அதற்குத்தான் பயந்துபோனேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கட்டில் பந்தலுக்கடியில் இல்லை. மடைக்குப் பக்கத்தில், வெயிலில் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வழியாக வந்த சோபிர் விடுவாரா?

"என்ன பெரியவரே, வாய்க்காலுக்குக் காவலா? யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

"என் மகன் தூக்கிருவான்" என்றார் மாமா. "லெட்டர்லயே தூக்கிருவான்."

இப்போது அடிக்கடி விடுகிற தண்ணீரை அவரே பார்த்துக்கொள்கிறார். நான் கொஞ்சம் தாமதித்தால் என்னையே திட்டுகிறார்.

மூன்று வரிசை இருக்கிறது. பெட்டி நிரம்புமா என்று தெரியவில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள்.

சலோமத்


சைபீரியா, ரயில்பாதை முகாம்
1978 செப்டம்பர் 24

கமோலாவின் அம்மாவுக்கு,

சலாம். நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

காருக்கு நிறம் கேட்கிறார்கள். நீலமா, முட்டைக்கோழி நிறமா என்று எழுது. முட்டைக்கோழி நிறம் என்று அவர்கள் சொல்வது என்ன நிறம் என்று எனக்கும் புரியவில்லை. சுவரிலிருந்து வாய்க்கால் வரை எவ்வளவு அகலம் என்று அப்பா எழுதுவதாகச் சொன்னார், எழுதவில்லை. அவர் உடம்பு சரியில்லையா?

இங்கே காய்கறி எல்லாம் டப்பாவில்தான். பச்சையாக எதையும் கடித்து மாதங்கள் ஆகின்றன.

மூன்றாவது வரிசையைப் பற்றி வாக்தாங்கிடம் சொன்னேன். ரகம் சரியில்லை என்கிறான்.

துர்சுனாலி


குவா
1978 அக்டோபர் 8

கமோலாவின் அப்பாவுக்கு,

சலாம். மாமா சுகம், பழைய குரல் திரும்பிவிட்டது. அகலத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "பசு ஒத்துழைக்கல" என்றார்.

பறித்துவிட்டோம்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். காகிதம் வீணாகும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் பெரிய எழுத்தாகவே படித்துக்கொள்ளுங்கள். முதல் வரிசைப் பழங்களைக் காம்போடு கத்தரித்துப் பெட்டியில் அடுக்கினோம். பெட்டி நிரம்பியது. இரண்டாவது வரிசைக்குப் பெட்டி இல்லை, கமோலாவின் பழைய தொட்டிலில் வைத்தோம். நான்காவது வரிசையைத் துணி துவைக்கும் தொட்டியில் கொட்டிவிட்டதால் இந்த வாரம் யாரும் துணி துவைக்கவில்லை. உங்கள் படத்தின் கீழ் இருந்த பழம் கமோலாவின் தலையளவு இருக்கிறது. குல்லாயைக் கழற்றியபோது உங்கள் தொப்பியின் மை பழத்தோலில் லேசாகப் பதிந்திருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சுல்ஃபியா ஒன்றை உடைத்து, "அக்கா, இதையா உங்க வீட்டுக்காரர் விறகுன்னாரு?" என்றாள். நான் பணிவான மனைவி. இன்னொன்றை உடைத்துக் கொடுத்தேன். மாமாதான் சொன்னார், "அவன் ஷெட்டு கட்டினா அதுலயும் இலை முளைக்கும்மா. விவரம் பத்தாது" என்று.

நீங்கள் கேட்ட பெட்டியை, நன்றாக வைக்கோல் திணித்து ஆணி அடித்து, தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தைவிட மெதுவாகத்தான் வரும். இனி தண்ணீரை நிறுத்திவிட்டோம். கிளை முற்றி இறுகட்டும், அப்போதுதான் மூடும்போது குளிரைத் தாங்கும். அடுத்த மாதத் தொடக்கத்தில் மூடவேண்டும்.

நீல நிறமே இருக்கட்டும்.

சலோமத்


சைபீரியா, ரயில்பாதை முகாம்
1978 அக்டோபர் 22

கமோலாவின் அம்மாவுக்கு,

சலாம். நலம். கடிதம் வந்தது, பெட்டி வரவில்லை.

நீ உழைத்தது எனக்குத் தெரிகிறது. ஆனால் பேச்சு என்றால் பேச்சு. நான் பெட்டி என்று சொன்னது தபால் பெட்டியை அல்ல. சந்தைக்கு லாரியில் ஏற்றுகிற பெட்டி. அதுவும் விற்கிற தரத்தில். தொட்டில், துணித்தொட்டி எல்லாம் அளவையாகாது. தவிரவும், ஒரு வருடம் காய்த்தது அடுத்த வருடம் காய்க்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? கார் ஒவ்வொரு வருடமும் கார்தான்.

செங்கல் சூளையில் என் மாமன் மகனுக்கு எழுதியிருந்தேன். ஒரு லாரி செங்கல் மாதக் கடைசியில் வரும். டிரைவரிடம் இடம் சொல்லியாகிவிட்டது, தோட்டத்தின் நடுவில் இறக்குவான். நீ அலைய வேண்டாம்.

இந்த வருடம் செடிகளை மூடாதே. எப்படியும் வசந்தத்தில் பிடுங்க வேண்டியவை. பனி பட்டுத் தானாகவே பட்டுப்போனால் வேரை வெட்டுவது சுலபம், உனக்கும் இடுப்பு வலி மிச்சம். இதை உன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.

துர்சுனாலி


குவா
1978 நவம்பர் 14

(மாமா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. சில சொற்களைக் குறைத்திருக்கிறேன். — சலோமத்)

டேய் துர்சுனாலி,

அப்பா பேசறேன். சலாம். நல்லா இருக்கேன். நல்லா இல்லாம போனாலும் இந்த லெட்டர முடிச்சிட்டுத்தான் போவேன்.

உன் செங்கல் வந்துச்சு. உன் டிரைவர் கேட்டைத் திறந்தான், உன் லெட்டரைக் காட்டினான், ரெண்டாம் வரிசைக்கும் மூணாம் வரிசைக்கும் நடுவுல மலை மாதிரி கொட்டிட்டு டீ கூடக் குடிக்காம போயிட்டான். உன் பொண்டாட்டி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அழல. அழுதிருந்தா எனக்குச் சவுகரியமா இருந்திருக்கும். உள்ள போயி கயித்தை எடுத்துட்டு வந்து செடிகளக் கட்ட ஆரம்பிச்சிட்டா. "என்னம்மா பண்ற, அவன் மூட வேணாம்னு எழுதியிருக்கானே"ன்னேன். "அந்த லெட்டர் இன்னும் வரல மாமா"ன்னா. லெட்டர் அவ பாக்கெட்டுல இருந்துச்சு.

(இதைக் குறைக்கப் பார்த்தேன், விடவில்லை. — ச.)

ரேடியோவுல பனி வருது, மூணு நாள்ல வருதுன்னான். அவ ஒருத்தி. செடி அத்தனை. நான் கெழவன். அவ ஊர் கூடிக் கைகொடுக்கற ஹஷார்னு ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லல, உன் பேச்சை மீறுறதுக்கு ஊரைக் கூப்பிட அவளுக்குக் கூச்சம். நான் போனேன். வீடு வீடா தடிய ஊனிக்கிட்டுப் போயி, "நாளைக்கு எங்க வீட்ல மாதுளை மூடறோம், வாங்க"ன்னு சொன்னேன். இந்தத் தெருவுல நான் யாரையும் எதுக்கும் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு. அதனால வேடிக்கை பாக்கவே பாதிப் பேரு வந்துட்டாங்க.

சோபிர் வந்து செங்கல் குவியலப் பாத்தான். "என்ன பெரியவரே, காரு வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு சமாதி கட்டறீங்களா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எரிஞ்சுது. ஏன்னா செடிய வளைச்சுப் படுக்க வைக்கணும், செங்கல் வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது. அத்தனையும் வெளிய தூக்கிப் போடவே ஒரு நாள் போயிடும். பனி காத்திருக்குமா?

வழக்கமா கிளைய வளைச்சா அது மறுபடி நிமிராம இருக்க ஆத்துலேர்ந்து கல்லு கொண்டாந்து மேல வெப்போம். இந்த வருஷம் கல்லு கொண்டு வர ஆளு ஏது? நான் குவியல் மேல உக்காந்து யோசிச்சேன். எது மேல உக்காந்து யோசிக்கிறேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. "டேய் சோபிர், இதை எங்கயோ தூக்கிட்டுப் போறதுக்குக் கிளை மேலயே வெச்சா என்ன?"ன்னேன்.

எல்லாரும் உன் பொண்டாட்டிய பாத்தாங்க. அவ என்னைப் பாத்தா. "மாமா, அது அவரோட செங்கல்"னா. "அவனோட அப்பன் நான். அவனே எனக்குப் பொறகு வந்தவன்தான், செங்கல் அவனுக்கும் பொறகு வந்தது"ன்னேன்.

அவ்வளவுதான். ஒரு ஆளு கிளைய வளைக்க, ஒரு ஆளு செங்கல் வெக்க, பொம்பளைங்க நாணல் பாயும் இலையும் போட, பின்னாடி மண்வெட்டிங்க. சுல்ஃபியா புருஷன் மண்ணை அள்ளிக் கொட்டின வேகத்துக்கு உன் மிஷின் பிச்சை வாங்கணும். சோபிர் புலாவ் கிண்டினான், கேரட்டக் கரிய விட்டான், கரிஞ்சா ருசின்னு சொல்லி எல்லாரையும் தின்ன வெச்சான். உன்னைப் பத்தித்தான் பேச்சு பூரா. நல்லவிதமா பேசினாங்கன்னு எழுதும்மா.

(எழுதிவிட்டேன். — ச.)

பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்துல செடியும் இல்ல, செங்கலும் இல்ல. நாலு நீள மேடு. கடைசி மண்ணைப் போட்டு உன் பொண்டாட்டி மண்வெட்டிய ஊனிக்கிட்டு நின்னா பாரு, உங்க கல்யாணத்துல கூட நான் அவளை அப்படிப் பாக்கல. மறுநா காலையில எந்திரிச்சா தெரு பூரா வெள்ளை. வாய்க்கால் ஓரம் ஐஸு. மேட்டு மேல உறைபனி, கீழ எல்லாம் சூடாத் தூங்குது.

இப்ப கேட்டுக்க. செங்கல் வேணும்னா மண்ணைத் தோண்டணும். தோண்டினா செடி சாவும். செடி செத்தா நான் உன் வீட்ல ரொட்டி திங்க மாட்டேன். மார்ச்சுல திறப்போம். அது வரைக்கும் உன் ஷெட்டு மண்ணுக்குள்ளயே இருக்கட்டும்.

மூணாம் வரிசைய வெடிக்க வெச்சது நான். உன் லெட்டரு சொல்லிச்சுன்னு பண்ணேன். அதுக்கு ஒரு வார்த்தை அவ இன்னிக்கு வரைக்கும் என்னைச் சொல்லல. அதனால நான் சொல்றேன், உன்கிட்ட. பெட்டின்னா பெட்டிதான்டா. சாட்சி நான். மாத்திப் பேசாத.

சளி பிடிக்காம பாத்துக்க.

அப்பா


சைபீரியா, ரயில்பாதை முகாம்
1978 டிசம்பர் 3

கமோலாவின் அம்மாவுக்கு,

அப்பாவுக்குச் சலாம் சொல். குரல் கேட்டது என்று சொல். இங்கே எச்சில் தரையில் விழுவதற்குள் உறைகிறது. நான் நலம்.

உனக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினேன் என்பது வேண்டாம், கிழித்துவிட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது பெட்டி வந்தது.

இத்தனை குளிரில் எப்படிக் கெடாமல் வந்தது என்று தெரியவில்லை, வைக்கோலை நீ அப்படித் திணித்திருந்தாய். மேசையில் வைத்துத் திறந்தேன். அறையில் இருந்த எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். ரீகாவிலிருந்து வந்த ஒருவன் வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறான், தோலோடு கடித்துவிட்டு, மரியாதைக்காக மென்று விழுங்கினான். வாக்தாங் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழுக்கத் தின்றான். திரும்பி வந்து இன்னொன்று கேட்டான். "எங்க ஊருல இவ்வளவு பெருசா வராது. புதைக்கறதாலயா?" என்றான். "தெரியல, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மேலாளர் செய்தி கேட்டு வந்து அரைப் பெட்டியை முகாம் மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனார். பல் ஈறு வீங்கிக் கிடந்தவர்களுக்கு முத்து முத்தாக எண்ணிக் கொடுத்தார்களாம். மறுநாள் இரும்புத் தொப்பி போட்ட முன்பின் தெரியாத ஆட்கள் என் இயந்திரத்தை நிறுத்திக் கைகொடுத்தார்கள். இத்தனை மாதமாக மலையை வெட்டினேன், ஒருவனும் கைகொடுக்கவில்லை. செய்தித்தாள்காரன் படம் எடுக்க வந்தான். கையில் பழத்தோடு நின்றேன். "உங்க தோட்டமா?" என்றான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் கடிதம் சட்டைப்பையில் குத்தியது. "என் மனைவியோடது. அவ பேரு சலோமத். அதையும் போடுங்க" என்றேன்.

போட்டிருக்கிறார்கள். இத்துடன் அனுப்புகிறேன்.

பெட்டி என்றால் பெட்டிதான். செடி உன்னுடையது. கார் தெருவில் நிற்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மார்ச்சில் விடுமுறை கேட்டிருக்கிறேன், காருக்காக அல்ல, மேட்டைத் திறக்க. கிளை உடையாமல் எப்படித் திறப்பது என்று எழுது. செங்கல் வெளியே வந்ததும் பத்திரமாக அடுக்கி வைத்துவிடு. வேறு ஏதாவது கட்ட உதவும்.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

துர்சுனாலி


குவா
1978 டிசம்பர் 20

கமோலாவின் அப்பாவுக்கு,

சலாம். இடுப்பு வலி போய்விட்டது. மாமா சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பரவால்ல, எம்மகனுக்கும் காய் பிடிச்சிருக்கு" என்றார். செய்தித்தாள் சோபிரிடம் போயிருக்கிறது, அங்கிருந்து யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. பழத்தை நீங்கள் பிடித்திருக்கும் விதம் தவறு. வாருங்கள், காட்டுகிறேன்.

திறப்பது எளிது. மண்ணை மெதுவாக, பாதிக்கு மேல் கையாலேயே தள்ள வேண்டும். உங்கள் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டாம். கிளை தானாக எழும்பும், நாம் தூக்கக்கூடாது. வாக்தாங்குக்குச் சொல்லுங்கள், உயிரோடு இருப்பதால்தான் மூடுகிறோம்.

செங்கல் விஷயத்தில் மட்டும் உங்கள் விருப்பத்தை நிறைவேற்ற முடியாத நிலை. மூடுவதற்கு முன் கவாத்து செய்தபோது நல்ல குச்சிகளாகப் பார்த்து எடுத்து ஈர மணலில் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் சுவரோரம் முழுக்க நடுகிறேன். அவையும் வளர்ந்தால் அவற்றையும் வளைக்க வேண்டும். ஆகவே இருக்கிற செங்கல் போதாது. சூளைக்கு எழுதி இன்னொரு லாரி சொல்லி வையுங்கள். அதே டிரைவராக இருந்தால் நல்லது. எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியும்.

சலோமத்